ஒரு காதுக்கு இரண்டு ரிப்போர்ட்: எதை நம்புவது?

கொங்கு வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவருடைய மகனுக்கு இப்போது ஒன்றே கால் வயது. 33ஆவது வாரத்திலேயே பிறந்துவிட்ட குழந்தை. மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை கடுமையாகி, நீல விளக்கின் கீழ் வைத்தும் இறங்காமல், இரண்டு முறை ரத்தம் மாற்றியிருக்கிறார்கள். 18 நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்று காதுப் பரிசோதனை செய்து, ‘இரண்டு காதும் பாஸ்’ என்று அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

பிள்ளை சற்றுத் தாமதமாகத் தவழ்ந்தான், பிடித்துக்கொண்டு நின்றான், முகம் பார்த்துச் சிரித்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் திரும்பவில்லை. குக்கர் விசில் அடித்தால் சில நாள் திடுக்கிடுகிறான், சில நாள் அசைவதே இல்லை. ‘அம்மா’ என்ற சொல் இன்னும் வரவில்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் தூங்க வைத்து எடுத்த, செவி நரம்பின் மின்னலைகளை அளக்கும் பெரா பரிசோதனையில் ‘இரு காதுகளிலும் பதில் இல்லை’ என்று வந்திருக்கிறது. அதே நாளில் அந்தப் பழைய பரிசோதனையைத் திரும்பச் செய்தபோது, மறுபடியும் பாஸ்.

வீட்டில் ஆளுக்கொரு முடிவு. கணவர், அதாவது இவருடைய அத்தை மகன், பெரா எடுத்த மெஷின்தான் கோளாறு என்கிறார். அத்தையோ, குடும்பத்தில் ஒரு சித்தப்பா நான்கு வயதில்தான் பேசினார் என்று சொல்லி, வசம்பைச் சுட்டு நாக்கில் தடவிவருகிறார். ஒரு மருத்துவர், உள்காதில் மின்கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்று சொல்லியிருக்கிறார். ஒரே ஊசியில் காது கேட்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோவும் வந்திருக்கிறது. கடிதம் இப்படி முடிகிறது: “எந்த ரிப்போர்ட் உண்மை, டாக்டர்? இவனுக்குக் கேட்கிறதா இல்லையா? தாலாட்டுப் பாடுவதை நிறுத்திவிட்டேன். கேட்காத பிள்ளைக்குப் பாடினால் தொண்டை அடைத்துக்கொள்கிறது.”

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு ரிப்போர்ட்டும் உண்மை. எந்த மெஷினிலும் கோளாறு இல்லை. ஒன்று காதின் ஒரு பகுதியைப் பார்த்தது. மற்றொன்று அதற்கு அடுத்த பகுதியைப் பார்த்தது. முதல் பகுதி நன்றாக வேலை செய்கிறது. அங்கிருந்து மூளைக்குச் செய்தி கிளம்பும் இடத்தில்தான் சிக்கல் இருக்கிறது. ‘பாஸ்’ என்ற ஒற்றைச் சொல்லை நம்பி உங்கள் வீட்டில் இன்னும் ஓர் ஆண்டு காத்திருந்துவிடுவார்களோ என்ற கவலையில்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். உங்கள் கணவரையும் அத்தையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

‘பாஸ்’ என்று வந்தது எதற்கு?

நாம் ஒரு குழந்தையைக் கூப்பிடும்போது காற்று அதிர்கிறது. அந்த அதிர்வு செவிப்பறையைத் தட்டுகிறது. பறைக்குப் பின்னால் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று சிறு எலும்புகள் ஒன்றோடொன்று கோத்து நிற்கின்றன. கடைசியில் இருக்கும் அங்கவடி எலும்பு நொய்யரிசி அளவுதான். சுமார் 3 மில்லிமீட்டர். நம் உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு அது. கிணற்று மேட்டில் நின்று கத்தினால் உள்ளே முங்கியிருப்பவனுக்குக் கேட்பதில்லை அல்லவா? காற்றில் வரும் ஒலியைத் தண்ணீர் அப்படியே திருப்பி அனுப்பிவிடும். உள்காது முழுவதும் திரவம். அதனால்தான் இந்த எலும்புகள், பறையின் மேல் பரவலாக விழுந்த அழுத்தத்தையெல்லாம் அதைவிடப் பதினேழு மடங்கு சிறிய ஒரு பரப்பில் குவித்து உள்ளே தள்ளுகின்றன.

உள்ளே இருப்பது காக்ளியா. நத்தை ஓடுபோல இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுருண்ட, பட்டாணி அளவுள்ள எலும்புக் கூடு. நீட்டிப் பிடித்தால் 35 மில்லிமீட்டர் வரும். அதனுள் நெடுக ஒரு மெல்லிய சவ்வு ஓடுகிறது. வாசல் பக்கம் அது குறுகலாகவும் விறைப்பாகவும் இருக்கும். உள்ளே போகப் போக அகலமாகித் தளர்ந்துவிடும். கொலுசுச் சத்தம் வந்தால் வாசல் பக்கம் அதிகமாக அதிரும். தவிலின் தொப்பிப் பக்கம் போடும் கனத்த அடி வந்தால் உள்சுருள் அதிரும். ஒலி எந்தச் சுருதி என்பதை இடத்தைக் கொண்டே காது பிரித்துவிடுகிறது. இதை இறந்தவர்களின் காதுகளில் நுண்ணோக்கி வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்த ஹங்கேரிக்காரர் கியார்க் ஃபான் பேகேஷிக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தச் சவ்வின் மேல்தான் மயிர்ச்செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. உங்கள் மகனின் விஷயத்தில் நாம் கவனிக்க வேண்டியவை இவைதான். மயிர்ச்செல்களில் இரு வகை உண்டு. வெளிப்பக்கம் மூன்று வரிசையாகச் சுமார் 12,000. உட்பக்கம் ஒரே வரிசையாகச் சுமார் 3,500. தாய் வயிற்றிலேயே உருவாகிவிடும் இவை அழிந்தால் மனிதர்களுக்குத் திரும்ப முளைப்பதில்லை. இரண்டுக்கும் பெயர் ஒன்றே தவிர, வேலை வேறு வேறு.

வெளிவரிசைச் செல்கள் ஒலிக்கு ஏற்ப நீண்டு சுருங்கும். அப்படி ஆடி ஆடி, சன்னமான ஒலியால் ஏற்படும் அதிர்வை நூறு மடங்கு அளவுக்குப் பெருக்கிக் கொடுக்கும். இப்படி ஆடுவதால், கேட்ட ஒலியின் மிக மெல்லிய எதிரொலி ஒன்று காதிலிருந்தே வெளியே வரும். காது சத்தம் போடுகிறது என்றால் அன்றைக்குப் பலர் நம்பவில்லை. 1978இல் லண்டனில் டேவிட் கெம்ப் காதுத் துளையில் சிறிய மைக்கை வைத்து அதைப் பதிவுசெய்து காட்டினார். உங்கள் குழந்தைக்கு முதலில் செய்த ஓஏஈ பரிசோதனை அந்த எதிரொலியைத் தேடுவதுதான்.

ஆகவே ‘பாஸ்’ என்றால், செவிப்பறை, எலும்புகள், வெளிவரிசைச் செல்கள் மூன்றும் நன்றாக இருக்கின்றன என்று பொருள். குழந்தைக்குக் கேட்கிறது என்று அந்தப் பரிசோதனை சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. எதிரொலி கிளம்பிய இடத்துக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பது அதன் எல்லைக்குள் வராது.

செய்தி எங்கே தடுமாறுகிறது?

அப்பால் நடப்பதைத்தான் நான் மாணவனாக இருந்தபோது முதன்முதலில் படித்து வியந்தேன். இன்றுவரை அந்த வியப்பு குறையவில்லை. உள்வரிசைச் செல் ஒவ்வொன்றின் தலையிலும் மிகச் சிறிய இழைகள் படிக்கட்டுபோல ஏறுவரிசையில் நிற்கின்றன. ஓர் இழையின் நுனியை அடுத்த இழையோடு கண்ணுக்கே தெரியாத ஒரு நூல் இணைத்திருக்கிறது. அதிர்வு வந்து இழைகள் சாயும்போது நூல் இழுபடுகிறது. நுனியில் உள்ள வாயில் திறக்கிறது. வெளியே உள்ள திரவத்திலிருந்து பொட்டாசியம் உள்ளே பாய்கிறது. கேட்கக்கூடிய மிகச் சன்னமான ஒலிக்கு அந்த இழை சாயும் தூரம் ஏறக்குறைய ஓர் அணுவின் அளவு. அசைவு மின்சாரமாக மாறுவது அந்த நொடியில்தான்.

பிறகு செல்லின் அடிப்பக்கம் கால்சியம் நுழைகிறது. அங்கே பொட்டலம் பொட்டலமாகக் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் காத்திருக்கிறது. கால்சியம் வந்ததும் அந்தப் பொட்டலங்களை உடைத்துக் கொட்டுவதற்கு ஓட்டோஃபெர்லின் என்ற புரதம் வேண்டும். கொட்டிய வேதிப்பொருள் எதிரே உள்ள நரம்பு நுனியில் பட்டால் நரம்பு துடிக்கிறது. ஒரு காதின் செவி நரம்பில் சுமார் 30,000 இழைகள். இருபதில் பத்தொன்பது பங்கு இந்த உள்வரிசைச் செல்களோடுதான் இணைந்திருக்கின்றன. வெளிவரிசை பெருக்கிக் கொடுக்கிறது, உள்வரிசை எடுத்துச் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகனுக்குப் பெருக்கும் வேலை நடக்கிறது. சொல்லும் வேலைதான் குழம்பியிருக்கிறது.

‘குழம்பியிருக்கிறது’ என்று யோசித்தே எழுதுகிறேன். ‘நின்றுவிட்டது’ என்று எழுதவில்லை. நரம்பிழைகள் துடித்தால் மட்டும் போதாது, ஒலியின் தாளத்துக்குச் சேர்ந்து துடிக்க வேண்டும். பத்துப் பெண்கள் கும்மியடிக்கிறார்கள். கைகள் ஒன்றாகத் தட்டினால் தெரு முனைவரை அந்த அடி கேட்கும். ஆளுக்கொரு நேரத்தில் தட்டினால் சளசளவென்று இரைச்சல்தான் மிஞ்சும். என்ன தாளம் என்று யாராலும் சொல்ல முடியாது. பேச்சைப் புரிந்துகொள்வது முழுக்க இந்தத் தாளத்தைப் பொறுத்தது. ‘பால்’ எது, ‘கால்’ எது என்பதை மூளை ஆயிரத்தில் சில பங்கு வினாடி வித்தியாசத்தைக் கொண்டு பிரிக்கிறது.

பெரா பரிசோதனை அளப்பது அந்தக் கும்மியின் ஒற்றை அடியைத்தான். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் மின்முனைகளை ஒட்டி, டிக் டிக்கென்று ஆயிரக்கணக்கான தடவை ஒலி கொடுத்து, நரம்பும் மூளைத்தண்டும் அனுப்பும் மின்னலைகளைக் கூட்டிச் சராசரி எடுக்கிறார்கள். எல்லா இழைகளும் ஒன்றாகத் துடித்தால் முதல் பத்து மில்லி விநாடிக்குள் ஐந்து மேடுகள் தெரியும். ஆளுக்கொரு பக்கமாகத் துடித்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கோடு தட்டையாகிவிடும்.

இங்கே உங்கள் மனத்தில் உள்ள இன்னொரு எண்ணத்தையும் திருத்த வேண்டியிருக்கிறது. பெராவில் ‘பதில் இல்லை’ என்று வந்ததால் மகன் முற்றிலும் செவிடு என்று முடிவுகட்டி அழுதிருக்கிறீர்கள். வேறு வகைக் குறைபாட்டில் அப்படிப் பொருள் கொள்ளலாம். இந்த வகையில் முடியாது. அவனுக்கு ஏதோ கேட்கலாம், ஓரளவு நன்றாகவும் கேட்கலாம், ஆனால் தெளிவாகக் கேட்காது. குக்கர் விசிலுக்கு ஒரு நாள் திரும்பி மறுநாள் திரும்பாமல் இருப்பது பிடிவாதமோ கவனக்குறைவோ இல்லை. இந்தக் கோளாறில் கேட்கும் திறன் நாளுக்கு நாள் ஏறி இறங்குவது வழக்கம். இதை 1996இல் அர்னால்ட் ஸ்டார் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் பத்து நோயாளிகளை ஆராய்ந்து ‘ஆடிட்டரி நியூரோபதி’ என்று பெயரிட்டார்கள். உங்கள் மருத்துவர் கடைசிச் சீட்டில் கிறுக்கலாக எழுதிய சொல் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நீங்கள் சாப்பிட்டதாலோ சாப்பிடாததாலோ இது வரவில்லை

மூன்று பக்கத்துக்கு உங்களையே குற்றம் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். கர்ப்பத்தில் பப்பாளி சாப்பிட்டது, சூரிய கிரகணத்தன்று வெளியே போனது, முதல் வாரம் தாய்ப்பால் கொடுக்க முடியாமல் போனது என்று ஒவ்வொன்றாக. இவற்றில் எதுவும் காரணமில்லை. ஒரு விழுக்காடுகூட இல்லை.

குறைமாதக் குழந்தையின் ரத்தத்தில் காமாலையை உண்டாக்கும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் மிக அதிகமானால் அது மூளைத்தண்டில் உள்ள செவி மையங்களையும் செவி நரம்பையும் குறிவைத்துத் தாக்கும். மயிர்ச்செல்களைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஓஏஈ பாஸ் ஆகி பெராவில் பதில் இல்லாமல் போவதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் தேட வேண்டியதில்லை. தீவிர சிகிச்சையில் கொடுத்த ஊசி மருந்துகளால் இருக்குமோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். காதைப் பாதிக்கும் ஜென்டாமைசின் வகை மருந்துகள் முதலில் வெளிவரிசைச் செல்களைத்தான் கெடுக்கும். அப்போது ஓஏஈயே பாஸ் ஆகியிருக்காது.

இன்னொரு வாய்ப்பையும் சொல்லாமல் விட முடியாது. நான் மேலே சொன்ன ஓட்டோஃபெர்லின் புரதத்துக்கான மரபணு பழுதானாலும் இதே போன்ற இரண்டு ரிப்போர்ட்டுகள் வரும். தாய், தந்தை இருவரிடமும் அந்தப் பழுதுள்ள பிரதி ஒன்று ஒளிந்திருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. நெருங்கிய உறவில் திருமணம் செய்தவர்களுக்கு ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் சாத்தியம் கூடுதல். இது யாரையும் பழிப்பதற்கு இல்லை. காமாலை இவ்வளவு கடுமையாக இருந்த குழந்தைக்கு அந்தக் காமாலையே காரணமாக இருக்கலாம்; ஆனாலும் மரபணுப் பரிசோதனை செய்து தெரிந்துகொள்வது சிகிச்சைக்கும் அடுத்த குழந்தைக்கும் உதவும்.

பிறந்த மருத்துவமனை ஏமாற்றிவிட்டதா என்ற உங்கள் கேள்விக்கு: அட்டையில் எழுதியது பொய் இல்லை. ஆனால் முழுமையும் இல்லை. ஐந்து நாளுக்கு மேல் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகளுக்கு ஓஏஈ மட்டும் போதாது, பெரா வகைப் பரிசோதனை வேண்டும் என்று 2007இலேயே பச்சிளங் குழந்தைகளின் செவித்திறனுக்கான அமெரிக்கக் கூட்டுக் குழு எழுதிவைத்துவிட்டது. ரத்தம் மாற்றிய குழந்தையின் அட்டையில் ‘மூன்று மாதத்துக்குள் பெரா எடுக்கவும்’ என்ற ஒரு வரி இருந்திருந்தால் உங்களுக்கு ஓர் ஆண்டு மிஞ்சியிருக்கும். அதற்காக எனக்கும் வருத்தமாக இருக்கிறது. இப்போது அந்த மருத்துவமனையில் எழுதிக் கொடுத்து முழுச் சிகிச்சைப் பதிவின் நகலைக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. பிலிருபின் அதிகபட்சம் எவ்வளவு போனது, எத்தனை நாள் அப்படி இருந்தது என்ற விவரம் இனிப் பார்க்கப்போகும் மருத்துவருக்குத் தேவை.

மூன்று வயதுவரை பொறுத்துப் பார்க்கலாமா?

பொறுக்க வேண்டாம். இதை உங்கள் கணவருக்கு நான் நேராகவே சொல்கிறேன். மூளையில் ஒலியைப் புரிந்துகொள்ளும் பகுதி, பிறந்த முதல் மூன்று நான்கு ஆண்டுகளில் வரும் ஒலிகளைக் கொண்டே தன்னைக் கட்டிக்கொள்கிறது. அந்தக் காலத்தில் ஒலி வராவிட்டால் அந்த இடத்தைப் பார்வையும் தொடுவுணர்வும் எடுத்துக்கொள்ளும். ஐந்து வயதில் எவ்வளவு நல்ல கருவியைப் பொருத்தினாலும் அந்த இடத்தை மீட்பது கடினம். நான்கு வயதில் பேசிய சித்தப்பாவுக்குக் காது கேட்டிருக்கிறது. உங்கள் மகனுக்குப் பெராவில் பதில் வரவில்லை. இரண்டு பேரின் கதையும் ஒன்றில்லை.

வசம்பைப் பிள்ளை வளர்ப்பான் என்று நம் பாட்டிகள் அழைத்தார்கள். அத்தையின் அன்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் குழந்தை பேசாததற்குக் காரணம் நாக்கில் இல்லை. நாக்குக்குக் கீழே உள்ள சதையை வெட்டிவிட்டால் பேசுவான் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். காதுக்குள் எண்ணெயோ துளசிச் சாறோ விடவும் வேண்டாம். செவிப்பறைக்கு அப்பால் எலும்புக்குள் இருக்கும் இடத்துக்கு அது போய்ச் சேராது.

ஒரு நியாயமான பொறுமையும் இருக்கிறது. காமாலையால் வந்த இந்தக் கோளாறு சில குழந்தைகளுக்கு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் தானாகவே ஓரளவு சீராகியிருக்கிறது. அதனால்தான் எந்த நல்ல மருத்துவரும் ஒரே ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்து அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்க மாட்டார். ஆனால் அந்தக் காலத்திலும் பரிசோதனைகளும் பயிற்சியும் நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

அடுத்த நான்கு மாதங்கள்

பெராவைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். இந்த முறை ‘காக்ளியர் மைக்ரோபோனிக்’ தெரிகிறதா என்பதையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். மயிர்ச்செல்கள் தரும் மின்னலை அது. ஓஏஈ நாளடைவில் மறைந்துபோனாலும் இது மறையாமல் இருக்கலாம். அதோடு, ஒலி வரும் பக்கம் திரும்பினால் பொம்மை ஒளிரும் வகையிலான நடத்தைப் பரிசோதனை இந்த வயதுக் குழந்தைக்கு மிகவும் பயன்படும். இவனுக்கு உண்மையில் எவ்வளவு கேட்கிறது என்பதைப் பெரா சொல்லாது, இதுதான் சொல்லும். ஒரே தடவையில் முடியாது. இரண்டு மூன்று நாள் போக வேண்டியிருக்கும்.

எம்ஆர்ஐ கட்டாயம் வேண்டும். இதே ரிப்போர்ட்டுகள் வந்த சில குழந்தைகளுக்குச் செவி நரம்பே நூல்போல மெலிந்திருக்கும் அல்லது இல்லாமலே இருக்கும். அப்படி இருந்தால் இம்ப்ளான்ட் குறித்த கணக்கே மாறிவிடும். எம்ஆர்ஐ பார்க்காமல் இம்ப்ளான்ட் பற்றி யாரிடமும் உறுதி கொடுக்காதீர்கள்.

இதற்கிடையே காதொலிக் கருவி போட்டுப் பார்க்கலாம். நடத்தைப் பரிசோதனையில் ஓரளவு அளவு கிடைத்த பிறகு, அதற்கேற்பப் பொருத்தி மூன்று முதல் ஆறு மாதம் கவனிப்பது வழக்கம். கருவி ஒலியைப் பெரிதாக்கும், தாளத்தைச் சரிசெய்யாது. கும்மி குழம்பிய இடத்தில் இன்னும் பலமாகத் தட்டச் சொல்வது போன்றது. அப்படியிருந்தும் சில குழந்தைகள் அதிலேயே பேச்சுக்கு வந்துவிடுகிறார்கள். கருவி போட்டால் காது கெட்டுவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். கண்டபடி கூட்டி வைத்தால்தான் ஆபத்து. இவனுடைய வெளிவரிசைச் செல்கள் நன்றாக இருப்பதால், செவித்திறன் வல்லுநர் அளந்து வைத்ததை நீங்களாகக் கூட்டாதீர்கள்.

இம்ப்ளான்ட்: எதைக் கொடுக்கும், எதை எடுக்கும்?

தலையில் கரண்ட் விடுவார்களாம் என்று பயந்திருக்கிறீர்கள். மூளையைத் தொடுவதே இல்லை. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு பகுதியை வைத்து, அதிலிருந்து மெல்லிய கம்பி ஒன்றைக் காக்ளியாவின் சுருளுக்குள் செலுத்துவார்கள். கம்பியில் 12 முதல் 22 வரை மின்முனைகள் இருக்கும். வெளியே காதில் மாட்டும் கருவி ஒலியைப் பிரித்து மின்துடிப்பாக்கி உள்ளே அனுப்பும்; மயிர்ச்செல்களைக் கடந்து அந்தத் துடிப்பு நேரே நரம்பைத் தட்டும். பழுது உள்வரிசைச் செல்லுக்கும் நரம்புக்கும் இடையே இருந்தால், அந்த இடத்தையே தாண்டிவிடுகிறோம். நரம்பில் ஓரளவு பழுது இருந்தாலும், மின்துடிப்பு எல்லா இழைகளையும் ஒரே நேரத்தில் துடிக்க வைப்பதால் சிதறிய தாளம் திரும்பக் கூடிவர வாய்ப்பு இருக்கிறது. காமாலைக் குழந்தைகளில் பலருக்கு நல்ல பலன் கிடைத்திருக்கிறது. ஆனால் மூளைத்தண்டு எவ்வளவு பாதிக்கப்பட்டது என்பதைப் பொறுத்து அது ஆளுக்கு ஆள் மாறும். எல்லோரும் பேசிவிடுவார்கள் என்று ஒரு மருத்துவர் உறுதி கொடுத்தால், இன்னொரு மருத்துவரையும் பாருங்கள்.

இழப்புகளையும் சொல்கிறேன். கம்பி உள்ளே போகும்போது இயற்கையாக மிச்சமிருக்கும் கேட்கும் திறன் போய்விடலாம். முகத்தை அசைக்கும் நரம்பு அந்த வழியில்தான் ஓடுகிறது. அதற்குச் சேதம் வருவது அரிது, ஆனாலும் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்திடுங்கள். மூளைக்காய்ச்சல் ஆபத்து சற்றுக் கூடும் என்பதால் நிமோகாக்கல் தடுப்பூசியை முன்னதாகவே போட வேண்டும். அறுவை சிகிச்சைக்குச் சில வாரம் கழித்துத்தான் கருவியை இயக்குவார்கள். அன்றே அவன் ‘அம்மா’ என்று திரும்ப மாட்டான், பெரும்பாலும் பயந்து அழுவான். அதன்பின் ஓரிரு ஆண்டு விடாத பேச்சுப் பயிற்சி வேண்டும். பேட்டரி, கம்பி, வெளிக்கருவி ஆகியவற்றுக்குச் செலவு வாழ்நாள் முழுதும் தொடரும். குடும்பத்தில் யார் பயிற்சிக்கு அழைத்துப் போவது, போகும் நாளில் கூலி போனால் எப்படிச் சமாளிப்பது என்பதை அறுவை சிகிச்சைக்கு முன்பே பேசி முடியுங்கள். பாதியில் பயிற்சி நின்றுபோன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொருவரின் முகமும் நினைவிருக்கிறது.

வீடியோவில் வந்த ஊசி கட்டுக்கதை இல்லை. 2024 ஜனவரியில் ஷாங்காய் மருத்துவர்கள் ஓட்டோஃபெர்லின் மரபணு பழுதான ஆறு குழந்தைகளின் காக்ளியாவுக்குள் சரியான மரபணுவைச் செலுத்தி, ஐந்து பேருக்குக் கேட்கும் திறன் திரும்பியதாக வெளியிட்டார்கள். அந்த ஒரு மரபணுப் பழுதுக்கான சிகிச்சை அது. காமாலையால் பாதிக்கப்பட்ட நரம்புக்கு அது உதவாது. மரபணுப் பரிசோதனை முடிவு வரட்டும். அதுவரை ‘அந்த ஊசி எங்களிடம் இருக்கிறது’ என்று சொல்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்.

செலவும் உரிமையும்

நகையை அடகு வைக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள், அவசரப்பட வேண்டாம். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் உண்டு. காப்பீட்டு அட்டை இல்லையென்றால் வருமானச் சான்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போங்கள். மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டத்திலும் சிறு குழந்தைகளுக்கு இம்ப்ளான்ட் தருகிறார்கள். உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையம் இந்த வழிகளைக் காட்டக் கடமைப்பட்டது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை நடத்தும் செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்கான பயிற்சி மையத்தில், கருவி வரும்வரை காத்திராமல் இப்போதே சேருங்கள். இரண்டாவது கருத்து வேண்டுமானால் 1965இல் தொடங்கப்பட்ட மைசூரு அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் உங்கள் ஊரிலிருந்து போய் வரக்கூடிய தூரம்தான்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கும்போது ஒரு சிக்கல் வரலாம். 2016ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கும் திறனை டெசிபல் கணக்கில்தான் அளக்கிறது. இரு காதுகளிலும் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் குறைபாடு. இவனைப் போன்ற பிள்ளைகளுக்கு டெசிபல் குறைவாகக் காட்டி, பேச்சு மட்டும் புரியாமல் இருக்கும். சான்று மறுக்கப்பட்டால் பெரா ரிப்போர்ட்டையும் நடத்தைப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் இணைத்து மேல்முறையீடு செய்யலாம்; சட்டம் அதற்கு இடம் தருகிறது.

சைகை கற்றுக்கொடுத்தால் வாய்ப்பேச்சு வராமலே போய்விடும் என்ற பயமும் வேண்டாம். ஒலி ஒரு நாள் தெளிந்து மறுநாள் கலங்கும் குழந்தைக்குக் கையால் காட்டும் சொல் பெரிய பிடிமானம். பால், தண்ணீர், வா, போதும் என்று பத்துச் சைகைகளில் தொடங்குங்கள். வாயாலும் கூடவே சொல்லுங்கள்.

தாலாட்டு

இன்றிரவே திரும்பத் தொடங்குங்கள். மின்விசிறியையும் டிவியையும் நிறுத்திவிட்டு, மடியில் வைத்து, உங்கள் வாயும் கண்ணும் அவனுக்குத் தெரியும்படி பாடுங்கள். இந்தக் கோளாறில் இரைச்சல்தான் முதல் எதிரி. அமைதியான அறையில் அவனுக்குக் கிடைக்கும் ஒலி, அடுப்படியில் கிடைப்பதைவிடப் பல மடங்கு தெளிவு. தாலாட்டின் சுருதி மெதுவாக ஏறி இறங்குவது. சொற்கள் நீண்டு நிற்பவை. ஒரே அடி திரும்பத் திரும்ப வரும். குழம்பிய நரம்புக்கு அதைவிட இலகுவான பாடம் என்னால் எழுதிக் கொடுக்க முடியாது. எந்த வரியில் அவன் உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறான் என்று தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். நடத்தைப் பரிசோதனைக்குப் போகும் நாளில் அந்த நோட்டைச் செவித்திறன் வல்லுநரிடம் கொடுங்கள்; அவருக்கு வேறு எந்த மெஷினும் தராத தகவல் அதில் இருக்கும்.

அடுத்த குழந்தை பற்றி நீங்கள் ஒரே வரியில் கேட்டிருந்ததற்கு: மரபணு முடிவு வரும்வரை தள்ளிப்போடுங்கள். பிறக்கும்போது காமாலையை முதல் நாளிலிருந்தே அளக்கச் சொல்லுங்கள். ஓஏஈயில் பாஸ் என்று வந்தாலும், பெரா எடுக்காமல் அந்த அட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள்.